ஏடு காப்போம்: இராமபாணப் பூச்சியும் அதன் தடுப்பும்

முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், கி.பி. 1048-இல், திருபுவனையில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நடைபெற்றதாக இவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. கல்லில் பொறித்த செய்தி நிலைத்துவிட்டது. ஆனால் நம் பெட்டிகளிலுள்ள கிரயப் பத்திரமும், பள்ளிச் சான்றிதழும், பஞ்சாயத்துப் பதிவேடும் காகிதமே. அவற்றை அரிக்கும் இராமபாணப் பூச்சியைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம்.

பூச்சியின் இயல்பு

இது ஏறக்குறைய அரை அங்குல நீளமும் வெள்ளி நிறமும் உடையது. சிறகு இல்லை, வால்புறத்தில் மூன்று இழைகள் உண்டு. பகலில் இடுக்குகளில் ஒளிந்து இரவில் வெளிவரும். மனிதரைக் கடிப்பதில்லை, நோயும் பரப்புவதில்லை. பசை, கஞ்சி போட்ட துணி, காகிதம் ஆகியவையே இதன் உணவு. கரையானைப் போல் மண்புற்று எழுப்பாமல், காகிதத்தின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். அதனால் எழுத்தே மறைந்துபோகும்.

உணவின்றிப் பல மாதங்கள் வாழவல்ல இப்பூச்சி, ஈரமின்றிப் பெருகாது. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேலிருப்பின் செழித்து வளரும். ஆகவே, பூச்சி தென்பட்டால் அவ்விடத்தில் ஈரம் உண்டு என்று அறியலாம். மருந்தை மட்டும் தெளித்து ஈரத்தை விட்டுவைத்தால் பூச்சி மீண்டும் வரும்.

செய்ய வேண்டுவன

1. ஐப்பசி மழைக்கு முன்பே கூரை ஒழுக்கையும் சுவர் வெடிப்பையும் அடைத்தல் வேண்டும்.

2. பெட்டியையும் அலமாரியையும் சுவரினின்று ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் பலகைமேல் வைத்தல் நன்று.

3. தை பிறந்ததும் பத்திரங்களை வெளியே எடுத்து, தூசி தட்டி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துக. கடும் வெயில் மையை மங்கச் செய்யும்.

4. நன்கு உலர்ந்த பின்னரே இறுக மூடும் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும்.

5. நம் முன்னோர் சுவடிக் கட்டில் வசம்பு வைத்தனர், நாமும் வைக்கலாம். ஆனால் அது துணையே அன்றி, உலர்த்துவதற்கு ஈடாகாது. நாப்தலின் உருண்டைகளைப் பயன்படுத்துவோர் அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அலுவலகப் பதிவேடுகளையும் ஆண்டுதோறும் இவ்வாறே பார்வையிடுவார்களாக. எல்லைத் தகராறு எழும் நாளில், எழுத்தழிந்த பத்திரம் எவருக்கும் துணை நிற்காது. ஒரு நாள் உழைப்பு ஒரு தலைமுறையின் உரிமையைக் காக்கும்.