பார்த்தால் மட்டும் போதுமா?
(வகுப்பறையில் வேதியியல் சோதனைகள்)

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



அறிவியல் பாடவேளையில் டீச்சர் கையில் சோதனைக் குழாயோடு உள்ளே வந்தால் நம் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கடைசி பெஞ்ச் எழுந்தே நிற்கும். நிறம் மாறினால் "ஆ!" நுரை பொங்கினால் "ஐ!" தீப்பிடித்தால் கைதட்டல்! மணி அடித்ததும் எல்லாரும் வெளியே ஓடிவிடுவோம். மறுநாள் "நேற்று என்ன பார்த்தீங்க?" என்று டீச்சர் கேட்டால், "நிறம் மாறுச்சு டீச்சர்" என்று சத்தமாகச் சொல்வோம். "ஏன் மாறுச்சு?" என்று கேட்டால் வகுப்பே அமைதி!

அப்படியானால் நாம் பார்த்தது சோதனையா, சர்க்கஸா? இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

ஊகி, பார், மாற்று

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் மசூர் என்ற பேராசிரியரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அது இயற்பியல் வகுப்பில் செய்தது. ஆனால் நமக்கும் பொருந்தும். சில மாணவர்களுக்குச் சோதனையைக் காட்டவே இல்லை. சிலருக்குக் காட்டி விளக்கம் மட்டும் சொன்னார்கள். சிலரிடம் "என்ன நடக்கும்?" என்று முன்னாலேயே கேட்டுவிட்டுக் காட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் தேர்வு வைத்தார்கள். சும்மா பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம்! முன்னால் ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது.

இதை எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மூன்று விதிகள்.

1. ஊகி: என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் எழுது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்கக் கூடாது.
2. பார்: என்ன நடந்ததோ அதை அப்படியே எழுது.
3. மாற்று: ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி மறுபடி செய். எதை மாற்றினால் முடிவு மாறுகிறதோ, காரணம் அதில்தான் இருக்கிறது.

இந்த மூன்று விதிகளோடு ஐந்து சோதனைகளைப் பார்ப்போம்.

சோதனை 1: தொடாமல் பற்றும் மெழுகுவர்த்தி

ஊகி: மெழுகுவர்த்தியில் எரிவது திரியா, மெழுகா?

காற்று அடிக்காத இடத்தில் மெழுகுவர்த்தியைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, மெதுவாக ஊதி அணைக்க வேண்டும். திரியிலிருந்து வெள்ளையாகப் புகை போல ஒன்று எழும். உடனே எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்ட வேண்டும். திரியைத் தொடவே வேண்டாம். தீ புகை வழியாகச் சட்டென்று கீழே இறங்கித் திரியில் பற்றிக்கொள்ளும்!

காரணம்: அந்தப் புகை, மெழுகின் ஆவி குளிர்ந்தது. உருகிய மெழுகு திரி வழியாக மேலே ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. மாற்றிப் பார்க்க மெழுகு இல்லாத வெறும் நூலைக் கொளுத்தினோம். கொஞ்ச நேரத்தில் கருகி அணைந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியுமா? இதே சோதனையை லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற இடத்தில் மைக்கேல் ஃபாரடே சிறுவர் சிறுமியருக்குச் செய்து காட்டினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்து 1848இலும் மறுபடி 1860இலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடர்ந்து பேசினார். அந்தப் பேச்சு 1861இல் புத்தகமாகவும் வந்தது. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். சிறு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி போதுமானதாக இருந்தது. நமக்கும் போதும்தானே?

சோதனை 2: சிவக்கும் மஞ்சள்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வைக்க வேண்டும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் என்று தனித்தனியாக ஒரு சொட்டு வைக்க வேண்டும்.

ஊகி: எது எது சிவக்கும்?

பார்: சோப்பும் சுண்ணாம்பும் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். எலுமிச்சையும் உப்பும் ஒன்றும் செய்யாது.

காரணம்: மஞ்சளில் குர்குமின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. காரம் பட்டால் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் செக்கச்செவேல் என்று ஆவது இதனால்தான். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, அம்மா சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகிறதே, அதுவும் இதுதான்! பயப்பட வேண்டாம். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் காயப் போட்டால் வெளுத்துவிடும்.

மாற்று: சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மறுபடி மஞ்சளாகிவிடும். அமிலம் காரத்தை நடுநிலையாக்கிவிட்டது.

சோதனை 3: ரத்தம் சிந்தும் எலுமிச்சம்பழம்

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒருவர் குறி சொல்ல வந்தார். எங்கள் அப்பத்தாவிடம் "வீட்டுல செய்வினை இருக்கு" என்று சொல்லி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கத்தியால் அறுத்தார். சாறு சிவப்பாக வடிந்தது. அப்பத்தா பயந்துபோய் ஐந்நூற்று ஒரு ரூபாயும் ஒரு படி அரிசியும் கொடுத்துவிட்டது. அது நூறு நாள் வேலையில் மண் சுமந்து சம்பாதித்த காசு.

இப்போது சோதனைக்கு வருவோம். செம்பருத்திப் பூ இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காய வைக்க வேண்டும். கத்தியில் கருநீலமாகத் தெரியும், தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் சாறு சிவப்பாக வரும்!

காரணம்: செம்பருத்தியில் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. அமிலம் பட்டால் அது சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கிறதல்லவா?

மாற்று: அதே பழத்தின் மறுபாதியைக் கழுவிய கத்தியால் அறுத்தால் சாதாரணச் சாறுதான் வரும். பழத்தை மாற்றவில்லை, கத்தியை மட்டும்தான் மாற்றினோம். அப்படியென்றால் செய்வினை பழத்தில் இல்லை, கத்தியில் இருக்கிறது!

இதை எங்கள் அப்பத்தா முன்னால் செய்து காட்டினேன். முதலில் "ஏத்தா, உனக்கு எப்போ சாமி வந்துச்சு?" என்று கேட்டது. பிறகு நானே கத்தியைக் கழுவி அதன் கையில் கொடுத்து அறுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "அந்தக் காசுக்கு ரெண்டு கோழி வாங்கியிருக்கலாமேத்தா" என்றது. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாச்சிக்கும் காட்டச் சொல்லி என்னைக் கூட்டிப் போனது.

சாமி கும்பிடுவது வேறு, ஏமாறுவது வேறு. எங்கள் அப்பத்தா இப்போதும் வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிறது.

சோதனை 4: தானாகப் பற்றும் தீ (ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டியது)

கிணற்றில் போடும் ஊதா மருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதன் மேல் சில சொட்டு கிளிசரின் விட்டால், கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு புகை வரும். திடீரென்று ஊதா கலந்த தீ எழும்பும்! தீக்குச்சியே வேண்டாம். எங்கள் டீச்சர் இதை மைதானத்தில், பக்கத்தில் மணல் வாளி வைத்து, எங்களைத் தூரமாக நிறுத்திவிட்டுச் செய்தாங்க.

காரணம்: பெர்மாங்கனேட் ஆக்சிஜனை எளிதில் கொடுக்கும் பொருள். அது கிளிசரினை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்போது வெப்பம் வெளிவருகிறது. வெப்பம் கூடக்கூட வினை இன்னும் வேகமாகி, கடைசியில் தீப்பிடிக்கிறது. மருந்து கட்டியாக இருந்தால் நேரமாகும். தூளாக இருந்தால் புறப்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் பற்றும்.

இதையே சிலர் ஊர்களில் "மந்திரம் சொன்னால் ஹோமத்தில் தீ வரும்" என்று காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். கிளிசரினை நெய் என்று சொல்லி ஊற்றுவார்களாம். அவர்கள் மந்திரம் சொல்லும் நேரம்தான் வினை சூடாவதற்கு வேண்டிய நேரம்! கேரளத்தில் பிறந்து கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) இப்படிப்பட்ட தந்திரங்களை ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டிக் காரணமும் சொன்னவர். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 'மந்திரமா? தந்திரமா?' என்ற பெயரில் இப்படி நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறது.

சோதனை 5: மூச்சு பட்டால் பால்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அரை ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுவதும் அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் மேலே தெளிந்திருக்கும் தண்ணீரை மட்டும் மெதுவாக இறுத்து, ஒரு குழல் வழியாக ஊத வேண்டும். உறிஞ்சக் கூடாது! கண்ணில் படவும் கூடாது.

பார்: தெளிந்த தண்ணீர் பால் போல ஆகும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

மாற்று: வாயால் ஊதாமல் சைக்கிள் பம்பால் காற்று அடித்தோம். அதே நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏன்? வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம். அதாவது நூறு மடங்கு!

இன்னொரு விஷயம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் இதே வினைதான் நடக்கிறது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக எடுத்துக்கொண்டு கெட்டியான கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கிளிஞ்சலில் இருப்பதும் கால்சியம் கார்பனேட்தான். அதைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு, சுவரில் அடித்தால் மறுபடி கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவருக்கு வந்துவிட்டது!

எச்சரிக்கை!

எல்லாச் சோதனையும் நாம் செய்யக் கூடியது அல்ல. அம்மோனியம் டைகுரோமேட்டைக் கொளுத்தினால் எரிமலை மாதிரி பொறி பறந்து பச்சைச் சாம்பல் கொட்டும். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அதே போல மெத்தனாலில் உப்புகளைக் கலந்து கொளுத்திப் பல நிறத் தீ காட்டும் 'வானவில்' சோதனையில் அமெரிக்காவில் மாணவர்கள் பலர் தீக்காயம் அடைந்தார்கள். மெத்தனாலின் ஆவி சட்டென்று பற்றும். அதனால் திறந்த மேசையில் மெத்தனால் போன்ற எரியும் திரவங்களை வைத்துச் செய்வதை உடனே நிறுத்தும்படி 2014இல் அமெரிக்க வேதியியல் சங்கம் சொன்னது. அதற்குப் பதிலாக, உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியை ஆசிரியர் சுடரில் காட்டினாலே போதும். சாப்பாட்டு உப்புக்கு மஞ்சள் சுடர் தெரியும்.

ஆகவே தோழர்களே, தோழிகளே:

* தீயும் அமிலமும் உள்ள சோதனை ஆசிரியர் இல்லாமல் கூடாது.
* பெயர் தெரியாத எதையும் கலக்கக் கூடாது, முகரக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது.
* தலைமுடியைப் பின்னிக் கட்டி, தாவணி, துப்பட்டாவை இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.
* முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

முடிவுரை

தீ எழும்பினால் கைதட்டுவது தப்பில்லை. நானும் தட்டுவேன். ஆனால் கைதட்டிய கையாலேயே நோட்டை எடுத்து "ஏன்?" என்று எழுத வேண்டும். வகுப்பில் "ஏன்?" என்று கேட்டுப் பழகியவரைத் தெருவில் யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது. அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மஞ்சள், செம்பருத்தி, சுண்ணாம்பு, ஒரு மெழுகுவர்த்தி போதும்.

சிந்திக்க ஒரு கேள்வி: தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கோலி சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் என்ன ஆகும்? இன்னும் நிறைய ஊற்றிக்கொண்டே போனால்? முதலில் ஊகித்து, காரணத்தோடு ஒரு தாளில் எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள். அடுத்த இதழ் வருவதற்கு முன் டீச்சர் முன்னால் எல்லாரும் சேர்ந்து செய்து பார்ப்போம்!