முதலில் நிற்கும் விடை

நுழையும்முன்

ஐயம் தோன்றினால் ஆசிரியரையும் மூத்தோரையும் நூலையும் நாடுவது நெடுநாள் வழக்கம். இன்று பலர் முதலில் நாடுவது இணையத்தின் வினா–விடைத் தளங்களையே. அங்கு ஒரு வினாவுக்குப் பத்து விடைகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று முதலிடத்தில் நிற்கிறது. அதனை முதலில் நிறுத்துபவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு நிறுத்துகின்றனர்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஒரு வினா, மூன்று விடைகள்

ஹைதராபாத்தில் ஒன்பதாம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி, ‘சார்மினார் ஏன் கட்டப்பட்டது?’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது எனக் கொள்வோம். வினா–விடைத் தளம் ஒன்றில் அவள் தேடுகிறாள். மூன்று விடைகள் வருகின்றன. நகரை வாட்டிய கொள்ளைநோய் நீங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டது என்கிறது முதல் விடை. அரசர் தம் காதலி பாக்மதிக்காகக் கட்டினார் என்கிறது இரண்டாம் விடை. ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கில் ஆயிரமாவது ஆண்டின் தொடக்கத்தைக் குறிக்கக் கட்டப்பட்டது என்கிறது மூன்றாம் விடை. முதல் விடைக்கு வாக்குகள் மிகுதி. மூன்றாம் விடைக்கு மிகக் குறைவு. மாணவி முதல் விடையை மட்டும் படித்து, அதையே முடிந்த முடிபாக எழுதிவிடுகிறாள்.

அவள் எழுதியதில் பிழை உண்டா? முகம்மது குலி குதுப் ஷா 1591இல் சார்மினாரைக் கட்டினார் என்பது உறுதி. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு தொடங்கியதும் அதே 1591இல்தான். ஆனால், கட்டியதன் காரணம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கொள்ளைநோய் பற்றிய செய்தி பரவலாகச் சொல்லப்படுவது; பலரும் முன்பே கேட்டறிந்தது. கேட்டறிந்த செய்தியைக் கண்டதும் ‘சரிதான்’ எனத் தோன்றுவது மனித இயல்பு. அவ்வாறு தோன்றியவர்கள் வாக்களித்திருப்பர். எனவே, அந்த வாக்குகள் காட்டுவது எத்தனை பேருக்கு அவ்விடை உடன்பாடு என்பதையே. அவ்விடை மெய்யா என்பதை அன்று.

வாக்குகளை எண்ணும் முறைகள்

2008இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, கணினி நிரலாளர்கள் பெரிதும் நாடும் தளமாகும். ஹைதராபாத்தின் மாதாப்பூர், கச்சிபௌலி பகுதிகளில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர்களுக்கு அது நன்கு அறிமுகமானது. 2009இல் நிறுவப்பட்ட கோரா, பொது வினாக்களுக்கு உரிய தளம். அது தமிழிலும் இயங்குகிறது. இத்தகைய தளங்களில் படிப்போர் ஒரு விடைக்கு ஆதரவு வாக்கோ எதிர்வாக்கோ அளிக்கலாம்.

ஆதரவு வாக்குகளிலிருந்து எதிர்வாக்குகளைக் கழிப்பது மிக எளிய முறை. அதில் ஒரு குறை உண்டு. ஒரு விடைக்கு 600 ஆதரவும் 400 எதிர்ப்பும் கிடைத்தால் மதிப்பு 200. வேறொரு விடைக்கு 150 ஆதரவும் 10 எதிர்ப்பும் கிடைத்தால் மதிப்பு 140. கழித்தல் முறைப்படி முதல் விடையே மேலே நிற்கும். ஆயினும் அதனைப் படித்து வாக்களித்தவர்களுள் பத்தில் நால்வர் மறுத்துள்ளனர்.

அவ்வாறாயின் விழுக்காட்டைக் கொள்ளலாமா? அதிலும் குறை உண்டு. ஒரே ஒருவர் வாக்களித்து, அவர் ஆதரித்திருந்தால் 100 விழுக்காடு ஆகிவிடும். நூற்றுவர் வாக்களித்து, தொண்ணூற்றுவர் ஆதரித்த விடை அதற்குக் கீழே சென்றுவிடும்.

இச்சிக்கலுக்கு உதவும் கணக்கை அமெரிக்க அறிஞர் எட்வின் வில்சன் 1927இலேயே வகுத்திருந்தார். குறைந்த வாக்குகளைக் கொண்டு பெரிய முடிவு செய்யலாகாது என்பதே அதன் உட்கருத்து. அக்கணக்கின்படி, ஒரே ஓர் ஆதரவு வாக்குப் பெற்ற விடைக்கு உறுதியாகத் தரத்தக்க மதிப்பு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். நூற்றுக்குத் தொண்ணூறு பெற்ற விடைக்கு 83 விழுக்காடு. 600–400 பெற்ற விடைக்கு 57. 150–10 பெற்ற விடைக்கு 89. ரெடிட் என்னும் உரையாடல் தளம் 2009இல் இம்முறையைக் கைக்கொண்டது.

வினவியவருக்கும் ஒரு சிறப்புரிமை உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வினவியவர் தமக்குப் பயன்பட்ட விடையைக் குறியிட்டு ஏற்கலாம். முன்பெல்லாம் வாக்கு எவ்வளவாயினும் ஏற்கப்பட்ட விடையே முதலில் நின்றது. ஒருவருக்கு அன்று பயன்பட்ட விடை, காலம் செல்லச் செல்லப் பழையதாகிவிடுவதும் உண்டு. எனவே, 2021இல் அவ்வழக்கம் மாற்றப்பட்டது.

ஒற்றை வாக்கின் ஆற்றல்

கணக்கு எவ்வளவு நேரியதாயினும், வாக்களிப்போர் மனிதரே. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய மூவரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு காட்டுகிறது. செய்தி உரையாடல் தளம் ஒன்றில் புதிதாக எழுதப்பட்ட கருத்துகளுள் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆதரவு வாக்கை அவர்கள் இட்டனர். கருத்தின் தரத்தை அவர்கள் பார்க்கவில்லை. ஐந்து மாத ஆய்வின் முடிவில், அவ்வாறு ஒரு வாக்குப் பெற்ற கருத்துகளின் மதிப்பு மற்றவற்றைவிடச் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்திருந்தது. எதிர்வாக்கு இடப்பட்ட கருத்துகளையோ பிறர் ஆதரித்துச் சரிசெய்துவிட்டனர்.

முதல் வாக்கு இரண்டாம் வாக்கை அழைக்கிறது. மேலே நிற்கும் விடையைப் பலர் காண்கின்றனர். பலர் காண்பதால் மேலும் வாக்குகள் சேர்கின்றன. முந்தி வந்த விடைக்கு இந்நலன் கிடைக்கிறது. ஆராய்ந்து, நூல்களைப் பார்த்து, பிந்தி எழுதப்பட்ட விடை அடியில் கிடக்க நேர்கிறது.

உத்திரமேரூர் காட்டும் வழி

தெரிவு செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர், முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு வரத் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, அது சபையோர் அறியப் படிக்கப்பட்டது. இதுவே குடவோலை முறை.

இங்குப் பலருடைய விருப்பம் எண்ணப்படவில்லை. தகுதியே முதலில் ஆராயப்பட்டது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். தகுதியுடையோர் பலர் இருப்பின், முடிவைக் குடம் செய்தது. அச்சபை அந்தணர் ஊரின் சபை. எல்லோர்க்கும் அங்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், ‘முதலில் தகுதி, பின்னரே தெரிவு’ என்னும் அதன் நெறி எண்ணத்தக்கது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இந்நெறியின் சாயலைக் காணலாம். அங்கு எதிர்வாக்களிக்கக் குறைந்தது 125 நன்மதிப்புப் புள்ளிகள் ஈட்டியிருக்க வேண்டும். ஒரு விடைக்கு எதிர்வாக்களிப்பவர் தம் புள்ளிகளுள் ஒன்றை இழக்கிறார். வாக்குகள் சமமாக இருப்பின், விடைகள் தற்செயல் வரிசையில் காட்டப்படுகின்றன. அது ஒரு வகையில் குடத்திலிருந்து ஓலை எடுப்பதே ஆகும்.

வாக்கு என்னும் சொல்

தமிழில் ‘வாக்கு’ என்பதற்குச் சொல் என்பதும், உறுதிமொழி என்பதும், தேர்தலில் இடும் ஒப்புதல் என்பதும் பொருள்கள். வாக்களித்தல் என்றால் உறுதி தருதல் என்றும் பொருள்படும். விரல்நுனியால் ஒரு விடைக்கு வாக்கிடுபவர், ‘இதனை நான் படித்தேன், இது சரியெனக் காண்கிறேன்’ என்று முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல் கொடுக்கிறார். படியாமல் இடும் வாக்கு, காணாமல் சொல்லும் சான்றாகும்.

அம்மாணவி தன் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். இம்முறை மூன்று விடைகளையும் இறுதிவரை படித்து, பள்ளி நூலகத்து நூலோடும் ஒப்பிட்டாள். ‘சார்மினார் 1591இல் கட்டப்பட்டது. அதன் காரணம் பற்றிப் பல கருத்துகள் உள்ளன’ என அவள் கட்டுரை தொடங்கியது. கீழே கிடந்த மூன்றாம் விடைக்கு அன்று ஒரு வாக்குக் கூடியது.

சொல்லும் பொருளும்

முடிந்த முடிபு – இறுதியான முடிவு
குடும்பு – ஊரின் உட்பிரிவு
வாரியம் – ஊர்ப்பணிகளைக் கவனித்த குழு
ஐயம் – சந்தேகம்
நெறி – வழி, முறை

மதிப்பீடு

*குறுவினா*

1. ஆதரவு வாக்குகளிலிருந்து எதிர்வாக்குகளைக் கழிக்கும் முறையில் உள்ள குறை யாது?
2. குடவோலை முறையில் விலக்கப்பட்டவர் எவர்?
3. ‘வாக்கு’ என்னும் சொல்லின் மூன்று பொருள்களையும் தனித்தனித் தொடரில் அமைக்க.

*சிறுவினா*

1. முந்தி வந்த விடைக்கு மிகுதியான வாக்குகள் சேர்வது ஏன்? 2013ஆம் ஆண்டு ஆய்வைக் கொண்டு விளக்குக.
2. குடவோலை முறைக்கும் வாக்கு எண்ணும் முறைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

*மொழித்திறன்*

1. ‘சார்மினார் கட்டப்பட்டது கொள்ளைநோய் நீங்கியதற்காகவா, ஆயிரமாவது ஆண்டைக் குறிக்கவா?’ – இஃது எவ்வகை வினா? (அறிவினா / ஐய வினா / ஏவல் வினா)
2. எவர் சொன்னாலும் அதன் மெய்ம்மையை ஆராய வேண்டும் என்னும் கருத்துடைய குறள், திருக்குறளின் ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் உள்ளது. அதனைக் கண்டறிந்து எழுதுக.

*கற்பவை கற்றபின்*

வீட்டில் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும், ‘நம் சொந்த ஊருக்கு அப்பெயர் ஏன் வந்தது?’ எனக் கேட்டு, கிடைத்த விடைகள் அனைத்தையும் எழுதுக. வகுப்பில் முதலில் வாக்கெடுப்பு நடத்துக. பின்னர் ஒவ்வொரு விடைக்கும் உரிய சான்றினைக் கேட்டு மீண்டும் வாக்கெடுப்பு நடத்துக. இரு வரிசைகளும் ஒன்றாக உள்ளனவா? வேறுபாட்டுக்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.