கரும்பலகையைப் படம் பிடிக்க மட்டுமா கேமரா?

உங்க செல்போன் கேலரியைத் திறந்து பாருங்க. பிள்ளையின் படிப்பு தொடர்பாக என்ன இருக்கு? வீட்டுப்பாட நோட்டு, கரும்பலகை, ஆண்டு விழா டான்ஸ். வகுப்புக்குப் போகாத நாளில் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது தேவைதான். ஆனால் எழுத வேண்டியதைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டால் பாடம் போனில் இருக்குமே தவிர, மனசில் இருக்காது. கண்ணால் பிடிக்க முடியாததைப் பிடிக்கத்தான் கேமராவைப் பயன்படுத்தணும். அதற்குப் புது போன் வேண்டாம். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றாலும் பத்து நிமிடம் போதும்.

பச்சைப்பயறை எடுத்துக்குவோம். இரவு முழுக்க ஊறிய பயறைத் தட்டில் ஈரத்துணி மேல் பரப்புங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைங்க. தினமும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து ஒரு படம். ஸ்டாண்டு வாங்க வேண்டாம்; தட்டின் இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் போனைப் பாலம் மாதிரி வைத்தால் உயரம் மாறாது. முக்கியமான விஷயம்: படம் எடுக்கும் முன்பே பிள்ளை பார்த்ததை நோட்டில் வரையணும். இந்த வரிசையை மாத்தாதீங்க. முதலில் படம் எடுத்துவிட்டால் பயறை யாரும் பார்க்க மாட்டார்கள், திரையைத்தான் பார்ப்பார்கள். வரைந்ததையும் படத்தையும் ஒப்பிடும்போதுதான் "முதல்ல வந்தது வேரா, இலையா?" என்ற கேள்வி வரும். ஐந்து நாள் படங்களை ஆசிரியர் வகுப்பில் வரிசையாகக் காட்டினால், வேர் முந்திக்கொண்டதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஸ்கேல் இருப்பதால் எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது என்று கணக்கும் போடலாம்.

பெரிய வகுப்பு என்றால் பந்து. சுவரில் டேப்பை ஒட்டி, அதன் ஓரமாகப் பந்தைக் கைவிட்டு வீடியோ எடுங்க. சாதாரண வீடியோவில் ஒரு நொடிக்குச் சுமார் 30 படங்கள். படம் படமாக நகர்த்தும் வசதியுள்ள பிளேயரில் பார்த்தால், கைவிட்டதிலிருந்து 3-வது படத்தில் பந்து சுமார் 5 செ.மீ., 6-வதில் 20, 9-வதில் 45 செ.மீ. இறங்கியிருக்கும். சில சென்டிமீட்டர் முன்னே பின்னே வரும், பரவாயில்லை. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளை அதைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

இன்னொன்று, சும்மா ஒரு நிமிட வேலை: டிவி ரிமோட்டின் முனையை செல்ஃபி கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்க. பல போன்களில் வெளிச்சம் மின்னும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது.

இதுவரை சொன்ன எந்தப் படத்திலும் பிள்ளையின் முகம் தேவைப்படவில்லை, கவனிச்சீங்களா? பயறு, பந்து, நோட்டு, கை, அவ்வளவுதான். வகுப்பு குரூப்பில் போடும் படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சீருடையும் அடையாள அட்டையும் தெரிந்தால் பள்ளியின் பெயரும் வெளியே போகும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறைவடையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோர் ஒப்புதல் பெறணும் என்கிறது. ஆசிரியர் படம் எடுக்கும் முன் உங்களைக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீங்க. கேட்காவிட்டால் நீங்களே கேளுங்க.

கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன்' இருந்தால் அணைத்து வைங்க. இல்லையென்றால் எடுத்த இடமும் படத்தோடு பதிவாகும். படம் தெளிவாகப் போகணும் என்று வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அந்தத் தகவலும் சேர்ந்தே போகும்.

உங்க பிள்ளையின் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் அழிக்கச் சொல்லும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, வேறு யாருக்கும் அனுப்பாதீங்க, 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்க. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.