ஏவுகணைகள் பறப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஊதிய பலூனைக் கட்டாமல் கைவிட்டால் என்ன ஆகும்? காற்று பின்னோக்கிப் பாயும். பலூன் முன்னோக்கி ஓடும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதற்குக் காரணம். ஏவுகணையை உந்துவதும் இவ்விதியே. ஆயினும் எல்லா ஏவுகணைகளும் ஒரே விதமாகப் பறப்பதில்லை. 1944-ஆம் ஆண்டில் ஜெர்மனி லண்டன் நகர்மீது ஏவிய இரண்டை ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும்.

முதலாவது வி-1. இது ஆளில்லாத சிறு விமானம் போன்றது. வெளிக்காற்றை உள்ளிழுத்து எரிபொருளை எரித்து, இறக்கைகளின் துணையால் மணிக்குச் சுமார் 640 கிலோமீட்டர் வேகத்தில் தாழ்வாகப் பறந்தது. மூக்கிலிருந்த சிறு விசிறியின் சுழற்சியைக் கொண்டு கடந்த தூரம் கணக்கிடப்பட்டது. குறித்த தூரம் வந்ததும் அது கீழே பாயும். பெரும்பாலும் அப்போது எஞ்சினும் நின்றுவிடும். ஆகவே அதன் இரைச்சலைவிட, இரைச்சல் திடீரென நிற்பதற்கே மக்கள் அதிகம் அஞ்சினர். இவ்வகைக்குக் குரூஸ் ஏவுகணை என்று பெயர். 2001-இல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட பிரமோஸ் இவ்வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது வி-2. இது எரிபொருளாகிய ஆல்கஹாலுடன் திரவ ஆக்சிஜனையும் தானே சுமந்து சென்றது. ஆதலால் காற்று மிக அரிதான உயரத்திற்கும் ஏற முடிந்தது. எஞ்சின் எரிந்தது ஏறக்குறைய ஒரு நிமிடமே. அதற்குள் பெற்ற வேகமும் திசையுமே அது விழும் இடத்தைத் தீர்மானித்தன. பிறகு எறிந்த கல்லைப் போல வளைந்து சென்று, புவியீர்ப்பால் கீழே விழுந்தது. ஒலியைவிட விரைந்து வந்ததால், வெடித்த பின்னரே அதன் இரைச்சல் கேட்டது! ஓடி ஒளிய நேரமேது? இது பாலிஸ்டிக் ஏவுகணை எனப்படும். நமது அக்னியும் இவ்வகையே. 2011-இல் வெற்றி கண்ட அக்னி-4 திட்டத்தின் இயக்குநர், கேரளத்தில் பிறந்த டெஸ்ஸி தாமஸ் என்னும் பெண்மணி என்பது நமக்குப் பெருமையன்றோ!

அவரைப் போல நானும் பொறியியல் கற்க விரும்புகிறேன். ஆனால் வி-2-ஐச் செய்த நிலத்தடித் தொழிற்சாலையில் கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர் என்று படித்தபோது என் மனம் கலங்கியது. வி-2-ஐ உருவாக்கிய வான் பிரவுனின் தலைமையில் உருவான சாட்டர்ன்-5 ராக்கெட்டே, 1969-இல் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பியது. அறிவு ஒன்றே, அது சென்ற திசைகள்தாம் இரண்டு.

வில்லை விட்ட அம்பு திரும்பாது என்பர் பெரியோர். ஆகவே தோழியரே, எப்படி ஏவுவது என்று கற்கும்போதே, எதற்காக என்றும் கேட்கப் பழகுவோம்.