நீண்ட தொடரை மடித்தெழுதும் முறை

கணினிக்கு ஏவல் எழுதும் மொழிகளுள் பைதான் என்பதும் ஒன்று. குவிடோ வான் ரோசம் என்னும் டச்சு அறிஞர் 1991இல் அதனை வெளியிட்டார். ஒரு வரி 79 குறிகளுக்கு மேற்படலாகாது என்பது 2001இல் அம்மொழிக்கு வகுக்கப்பெற்ற நடைநெறி. நீண்ட அறிவிப்புக்களோ அவ்வெல்லையில் அடங்குவன அல்ல. மேற்கோட்குறி மூடுமுன் வரியை முறித்தாலோ பைதான் பிழையென்று நின்றுவிடும். பின் எங்ஙனம் மடிப்பது?

தொடரைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி மேற்கோட்குறிக்குள் இட்டு, அனைத்தையும் ஓர் அடைப்புக்குள் வைத்தலே சிறந்த வழி.

அறிவிப்பு = ("காஞ்சிபுரத்துப் பட்டுச் "
             "சேலைகள் இங்கே "
             "விற்கப்பெறும்.")

அடுத்தடுத்து நிற்கும் துண்டுகளைப் பைதான் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். (அறிவிப்பு என்று பெயரையும் தமிழிலேயே இடலாம், 2008இல் வந்த பைதான் 3 அதற்கு இடந்தந்தது.) வரியிறுதியில் பின்சாய்கோடு இட்டு மடிப்பாரும் உளர். அக்கோட்டின்பின் கண்ணுக்குப் புலனாகாத ஓர் இடைவெளி நிற்பினும் நிரல் ஓடாது. ஆதலின் யாம் அதனை விரும்பேம். மும்மை மேற்கோட்குறி வரிமுறிவையும் ஓரத்து இடைவெளியையும் தொடரினுள் சேர்த்துக்கொள்ளும். செய்யுளை அடியடியாக வெளியிடற்கு அது தக்கது.

இனி, இணைப்பிடத்தை நோக்குவோம். காஞ்சித் தறிகளில் கோர்வைச் சேலை நெய்வோர், உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று பற்றுமாறு கோப்பர். அங்கே பழுதுறின் கரை பிரியும். பைதானின் குற்றமோ இதற்கு மாறானது, வேண்டாதவிடத்தும் ஒட்டிக்கொள்ளும்.

ஊர்கள் = ["காஞ்சிபுரம்",
          "ஆரணி"
          "திருப்புவனம்"]

ஆரணிக்குப் பின் ஒரு காற்புள்ளி விடுபட்டது. அவ்வளவே, மூன்று ஊர் இரண்டாகி, 'ஆரணிதிருப்புவனம்' என்றோர் ஊர் பிறந்துவிடும். பிழையென்று பைதான் ஒரு சொல்லும் சொல்லாது. பட்டூர்களின் பட்டியலில் ஓரூர் மறைந்ததை யார் கண்டுபிடிப்பர்?

நன்னூல் பயில்வார்க்கு மற்றொன்றும் தோன்றும். 'பட்டு', 'சேலை' என்னும் இரண்டையும் சேர்த்து நாம் 'பட்டுச்சேலை' என்போம்; பைதான் 'பட்டுசேலை' என்னும். புணரியல் அதற்குத் தெரியாது. இடைவெளியும் தானாக இடாது. மேலைத் தொடரின் முதல் துண்டு சகர ஒற்றோடும் ஓர் இடைவெளியோடும் முடிவது அதன் பொருட்டே.

எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. 'காஞ்சி' நமக்கு மூன்றெழுத்து, பைதானுக்கோ ஆறு. துணைக்கால், புள்ளி, கொக்கி ஒவ்வொன்றையும் அது தனியே எண்ணும். 79 வரை எண்ணிக் கண்ணை மூடி வெட்டின், ககரம் ஒரு வரியிலும் அதன் கால் மறு வரியிலும் வீழலாம். நிரல் ஓடும்போது அவை மீண்டும் கூடி 'கா' ஆகிவிடும். நிரலைப் படிப்பார்க்கோ எழுத்து முறிந்தே தோன்றும். ஆதலின் சொல் முடியுமிடம் நோக்கியே மடித்தல் வேண்டும். வரி 60 குறியில் நின்றாலும் குறையில்லை.