கண்ணுக்குள் மச்சம்: மிரட்சி எதற்கு?

சர்க்கரை நோய்க்காக விழித்திரையைச் சோதிக்கப் போன இடத்தில், “உள்ளே ஒரு கறுப்புத் திட்டு தெரிகிறது” என்று டாக்டர் சொல்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் அது நம் மனத்தில் புற்றுநோயாகவே வளர்ந்துவிடுகிறது.

நம்பிக்கை: கறுப்புத் திட்டு என்றாலே புற்றுநோய்.

உண்மை: பெரும்பாலும் அது விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு படலத்தில் இருக்கும் மச்சம்தான், டாக்டர்கள் ‘நீவஸ்’ என்பார்கள். அமெரிக்க வெள்ளையரிடம் போட்ட கணக்கின்படி, ஓராண்டில் சுமார் 8,845 மச்சங்களில் ஒன்றுதான் மெலனோமா புற்றாக மாறுகிறது. ஆசியர்களிடம் இந்தப் புற்று இன்னும் அரிது.

நம்பிக்கை: எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து.

உண்மை: விழித்திரையின் நிறமி செல்கள் பருத்துப் பிறவியிலேயே உண்டாகும் ஒருவகைத் திட்டு கன்னங்கரேலென்று இருக்கும், ஆனால் தட்டையானது, விளிம்பு தெளிவானது, அநேகமாகத் தீங்கற்றது. மெலனோமாவோ நிறமே இல்லாமலும் வரும். டாக்டர் தேடுவது வேறு: 2 மி.மீ.க்கு மேல் தடிமன், கசிந்து தேங்கிய நீர், ஆரஞ்சு நிறப் படிவு, பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு 3 மி.மீ.க்குள் நெருங்கிய விளிம்பு. இவற்றில் பல சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

நம்பிக்கை: பிறவித் திட்டு இருந்தால் குடல் புற்று வரும்.

உண்மை: ஒற்றைத் திட்டுக்கும், ஒரே கண்ணில் கரடியின் காலடித் தடம்போலக் கூட்டமாகத் தெரியும் திட்டுகளுக்கும் அந்தப் பயம் வேண்டாம். இரு கண்களிலும் ஒழுங்கற்ற வடிவில் பல திட்டுகள் இருந்தால் மட்டும், குடலில் ஏராளமான பாலிப்கள் (சதை முளைகள்) வளர்ந்து புற்றாக மாறக்கூடிய பரம்பரை நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: சதை எடுத்துச் சோதிக்காமல் புற்றை உறுதிசெய்ய முடியாது.

உண்மை: நடுத்தர, பெரிய மெலனோமாக்களை ஆராய்ந்த அமெரிக்க, கனடா கூட்டாய்வில், சதை எடுக்காமல் செய்த கணிப்பு 99 சதவீதத்துக்கும் மேல் சரியாக இருந்தது. சிறிய கட்டிகளில்தான் சிக்கல். அங்கே அல்ட்ராசவுண்டும், விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் உதவும், பல நேரங்களில் சில மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பதே வழி.

நம்பிக்கை: பார்வை தெளிவாக இருக்கிறது, பூச்சி பறக்கவில்லை, சோதனை எதற்கு?

உண்மை: பூச்சி பறப்பதுபோலத் தெரிவது பெரும்பாலும் கண்ணுக்குள் உள்ள கூழ்மத்தில் மிதக்கும் துகள்களின் நிழல். ஓரத்தில் வளரும் கட்டியோ நெடுநாள் எந்தத் தொல்லையும் தராது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். திட்டு தெரிந்தால், முதல் சோதனையில் எடுத்த விழித்திரைப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். டாக்டர் மாறினாலும் கையோடு கொண்டுபோங்கள். மச்சம் வளர்ந்திருக்கிறதா என்பதை ஒரே ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.