விரல் நுனியில் வழக்கு: அவதூறு பற்றி ஒரு சிறு பாடம்



லேத் மெஷினில் கை வைக்கும் முன்னால் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித் தருகிறார்கள். எந்நேரமும் கையிலேயே இருக்கும் செல்போனுக்கு அப்படி ஒரு பாடம் நம் சிலபஸில் இல்லை. ஒரே ஒரு வரி டைப் அடித்து வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டால் ஒருவருடைய பெயர் கெடும், வேலை போகும். தட்டிவிட்டவரும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும். நாளை வேலை தேடப் போகும் நமக்கு இரண்டுமே ஆபத்து. எனவே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே!

அவதூறு என்பது எது?

ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் செய்தியை, அவரைத் தவிர வேறு ஒருவராவது அறியும்படி வெளியிடுவதே அவதூறு. ஐந்து பேர் உள்ள குரூப்பும் இதில் அடங்கும். "நான் பேரே போடலையே சார்" என்று தப்பிக்க முடியாது. யாரைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குப் புரிந்தால் போதும்.

நம் நாட்டில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிவில் வழக்கு. பாதிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். மற்றது கிரிமினல் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்த பிரிவுகள், 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாகிவிட்டன. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை.

"2015இல் சுப்ரீம் கோர்ட்டே எல்லாத்தையும் ரத்து பண்ணிடுச்சே!" என்று சில நண்பர்கள் வாதம் செய்வார்கள். ரத்தானது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அவதூறு குற்றமே என்பதை அதே நீதிமன்றம் 2016இல் உறுதி செய்துவிட்டது.

தீயநோக்குப் பொய்

இது அவதூறுக்குத் தம்பி. ஆங்கிலச் சட்டத்தில் 'மலீஷியஸ் ஃபால்ஸ்ஹுட்' என்பார்கள். 1892இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ராட்கிளிஃப் வழக்கு இதற்கு நல்ல உதாரணம், அதுவும் நம்ம மெக்கானிக்கல் ஆள் வழக்கு! பாய்லர் செய்து தரும் ஒரு என்ஜினீயர், தொழிலையே மூடிவிட்டதாக ஒரு பத்திரிகை எழுதியது. மூடினார் என்பதில் மானக்கேடு ஏதுமில்லை, ஆகவே அது அவதூறு அல்ல. ஆனால் வாடிக்கையாளர்கள் வருவது குறைந்து, 120 பவுண்டு நஷ்டம் ஆயிற்று. நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பாயிற்று.

வித்தியாசம் இதுதான். சிவில் அவதூறு வழக்கில் "நான் எழுதியது உண்மை" என்று எழுதியவர்தான் நிரூபிக்க வேண்டும். தீயநோக்குப் பொய் வழக்கில், அது பொய், கெட்ட எண்ணத்தோடு சொன்னது, அதனால் பண நஷ்டம் என்று மூன்றையும் பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். பண நஷ்டம் வரக்கூடிய எழுத்து என்றால் வழக்குப் போடலாம் என்று 1952இல் அங்கே சட்டம் தளர்த்தப்பட்டது. ஆனாலும் 2024இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், நிஜமாக நஷ்டம் ஏற்படாத ஒருவருக்குப் பெயரளவில் வெறும் 5 பவுண்டுதான் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டு நீதிமன்றங்களும், முக்கியமாகப் போட்டி நிறுவனத்தின் சரக்கை மட்டம் தட்டும் வழக்குகளில், இந்தக் கொள்கையைப் பயன்படுத்துகின்றன.

ஒரு 'ஸாரி'யின் விலை

2010இல் அப்போதைய ஐ.பி.எல். தலைவர் லலித் மோடி, நியூசிலாந்து வீரர் கிறிஸ் கெய்ர்ன்ஸ் மீது மேட்ச் ஃபிக்ஸிங் புகாரை ட்விட்டரில் எழுதினார். அதை அங்கே படித்தவர்கள் சுமார் 65 பேர்தான் என்று கணக்கிட்டார்கள். மோடியால் நிரூபிக்க முடியவில்லை. 2012இல் லண்டன் உயர் நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு 90,000 பவுண்டு!

இன்னொன்று. 2015இல் லண்டனில் போர் நினைவுச்சின்னம் ஒன்றில் யாரோ கிறுக்கிவிட்டார்கள். வேறொருவர் அதை ஆதரித்து எழுதியதை, எழுத்தாளர் ஜாக் மன்றோ எழுதியதாக ஆள் மாறி நினைத்த கேட்டி ஹாப்கின்ஸ், மன்றோவைக் குத்திக் காட்டி ஒரு கேள்வியாக ட்வீட் போட்டார். மன்னிப்புக் கேளுங்கள், 5,000 பவுண்டு தர்மத்துக்குக் கொடுங்கள், வழக்கில்லை என்றார் மன்றோ. ஹாப்கின்ஸ் ட்வீட்டை நீக்கினார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. 2017இல் தீர்ப்பு: 24,000 பவுண்டு நஷ்டஈடு, வழக்குச் செலவுக்கு முதல் தவணையாகவே 1,07,000 பவுண்டு. கேள்விக்குறி போட்டால் தப்பிக்கலாம் என்பவர்கள் கவனிக்க!

"நான் ஃபார்வர்டுதானே பண்ணேன்?"

இதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை 2018இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், பிறகு அதை நீக்கி மன்னிப்பும் கேட்டார். வழக்கு வேறு பிரிவுகளில் வந்தது. ஆனாலும் அதை ரத்து செய்ய 2023இல் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, அனுப்பியவரே பொறுப்பு என்றது.

அப்போ வாயே திறக்கக் கூடாதா?

அப்படி இல்லை. பொதுநன்மைக்காகச் சொல்லும் உண்மைக்கும், நியாயமான கருத்துக்கும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்கும் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. "மெஸ் சாம்பார் தண்ணி மாதிரி இருக்கு" என்பது கருத்து. "மெஸ் கான்ட்ராக்டர் அரிசியைத் திருடி விக்கிறார்" என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் இருந்தால் முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

நம்மைப் பற்றியே யாராவது பொய் எழுதினால்? பதிலுக்குத் திட்டக் கூடாது. தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும். பதிவை நீக்கி, அதே இடத்தில் மறுப்புப் போடச் சொல்லி எழுத்தில் கேட்கவும். அந்தத் தளத்திலும் புகார் செய்யவும். கேட்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ். வசதியில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். அவர் காலத்தில் நாக்கு ஒன்றுதான். இன்று விரலும் சேர்ந்துகொண்டது. அனுப்பும் பட்டனைத் தொடுமுன் ஒரு கேள்வி: இதை நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கு? ஒன்றுமில்லை என்றால், அழித்துவிடுங்கள் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை